போனில் பூவா தலையா: ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ரெண்டு பேர் குவாண்டம் டாஸ் போடுவது எப்படி

நான் தண்டையார்பேட்டையில பிளஸ் டூ பிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறவன். ஞாயித்துக்கிழமையானா கேரம் அம்பயர். போர்டுக்குப் பக்கத்துல நான் நிக்கிற வரைக்கும் டாஸ் ஒரு பிரச்சினையே கிடையாது. காசைச் சுண்டுவேன், விழுந்தது விழுந்ததுதான். காசிமேட்டு கிளப்பு அவங்க ஹால்லயும் எண்ணூர் கிளப்பு அவங்க ஹால்லயும் உக்காந்துகிட்டு, நடுவுல ஆளே வேணாம், போன்லயே போட்டுக்கலாம்னு சொல்லும்போதுதான் சிக்கல். காசிமேட்டுக்காரர் சுண்டிட்டு "பூ"ம்பார். எண்ணூர்க்காரர் "இன்னா பா, நீயே சுண்டி நீயே சொல்லுவியா?"ம்பார். நியாயமான கேள்விதான். யார் போர்டுல மேட்ச்சுங்கிறதுக்குத்தான் டாஸ். எந்த மூலையில காய் இழுக்கும்னு சொந்த போர்டுக்காரனுக்குத் தெரியும். பாதி ஆட்டம் அங்கேயே முடிஞ்சிடும்.

இந்த டாஸை எப்படிப் போடுறதுன்னுதான் இங்கே எழுதுறேன். முதல்ல கையில இருக்கிற போன், அப்புறம் தீப்பெட்டி, அப்புறம் போலராய்டு (ஒரு திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடுற தகடு), கடைசியில ஃபைபர் (வெளிச்சத்தைக் கொண்டுபோற கண்ணாடி இழை). மாலஸ் விதி (போலராய்டைத் திருப்பினா எத்தனை பங்கு வெளிச்சம் தாண்டும்ங்கிறது: கோணத்தோட cos-ஓட வர்க்கம்) ஞாபகம் இருந்தா எல்லாக் கணக்கையும் நீங்களே சரிபார்த்துக்கலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். குவாண்டம்னாலே (ஒத்தை ஒளித்துளி மாதிரி ரொம்பச் சின்னதுக்கான பிசிக்ஸ்) ஏமாத்த முடியாதுன்னு கேள்விப்பட்டுட்டு வர்ற பசங்க நிறைய. செய்தியைப் பூட்டித் திறக்கிற ரகசியச் சாவி அனுப்புறதுல அந்தப் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. அங்கே ரெண்டு பேரும் ஒரே கட்சி, திருடன் வெளியில இருக்கான். டாஸ்ல திருடன் போனோட அடுத்த முனையிலயே இருக்கான். இங்கே குவாண்டம் கொடுக்கிறது ஒரு எண்ணைத்தான்: எதிராளி என்ன தில்லுமுல்லு பண்ணாலும், நூத்துக்கு இத்தனை தடவைக்கு மேல அவன் நினைச்சது நடக்காது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்கணும்.

முதல்ல கேட்க வேண்டிய கேள்வி

எதிராளிக்கு என்ன முடிவு வேணும்னு உங்களுக்குத் தெரியுமா?

காசிமேட்டுக்குக் காசிமேட்டு போர்டு வேணும், எண்ணூருக்கு எண்ணூர் போர்டு வேணும், இது ரெண்டு பேருக்குமே தெரியும்னா 'பலவீன டாஸ்' போதும். அவனவன் தன் பக்கம் இழுக்கிறதைத் தடுத்தா சரி. தானா வந்து தோக்கிறேன்னா தோத்துக்கட்டும். ஆனா காசிமேட்டு ஹால்ல அன்னிக்கு வளைகாப்பு, அதனால அவங்களே எண்ணூருக்கு வரத்தான் பார்க்கிறாங்க, வெளியில சொல்லலைன்னு வைங்க. அப்போ எந்தப் பக்கமும் யாரும் தள்ள முடியாத 'பலமான டாஸ்' வேணும். ரெண்டுக்கும் கிடைக்கிற எண் வேற வேற. அதைப் பின்னாடி பார்ப்போம். இந்தக் கேள்வியைக் கேட்காமலே நேரா லேசர் விலை விசாரிக்கப் போறவங்களை நான் பார்த்திருக்கேன்.

போன் மட்டும் இருந்தா

காசிமேட்டுக்காரர் மனசுல 0 அல்லது 1 நினைச்சுக்கணும். அதோட கன்னாபின்னான்னு ஒரு நாப்பது எழுத்து சேர்த்து, எஸ்எச்ஏ-256 (எந்த எழுத்தையும், திருப்பிக் கண்டுபிடிக்க முடியாத மாதிரி கலக்குற கணக்கு) போட்டு, வர்ற 64 எழுத்தை வாட்ஸ்அப்ல அனுப்பணும். எண்ணூர்க்காரர் 0-வா 1-ஆன்னு சொல்லணும். அதுக்கப்புறம் காசிமேடு முழுசையும் திறந்து காட்டும். எண்ணூர் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். சரியாச் சொல்லியிருந்தா எண்ணூர் போர்டு, இல்லன்னா காசிமேட்டு போர்டு. அந்த நாப்பது எழுத்தை மட்டும் விட்டுடாதீங்க. வெறும் 0-க்கும் 1-க்கும் விடை என்னன்னு எண்ணூர்ல உக்காந்தே கணக்குப் போட்டுடுவாங்க.

கேரம் போர்டுக்கு இது தாராளமாப் போதும். மனசாட்சியோட சொல்றேன், இதுக்கு மேல படிக்கிறது ஆசைக்குத்தான்.

போன்ல டாஸ் போடுற யோசனையை 1981-ல சொன்னவர் மானுவெல் ப்ளம். அவர் எடுத்துக்கிட்ட கதையில, விவாகரத்து ஆன ரெண்டு பேர் வேற வேற ஊர்ல இருந்துகிட்டு கார் யாருக்குன்னு போன்ல முடிவு பண்றாங்க. பெரிய எண்ணைக் காரணிப்படுத்துறது கஷ்டம்ங்கிற நம்பிக்கை மேலதான் அவர் முறை நின்னுச்சு. 1994-ல பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி கிடைச்சா அந்தக் கஷ்டம் போயிடும்னு காட்டினார். எஸ்எச்ஏ-256 இன்னிக்குத் தாங்குது. ஆனா ரெண்டு முறைக்கும் அடித்தளம் ஒண்ணுதான்: எதிராளிகிட்ட அவ்வளவு பெரிய கணினி இல்லைங்கிறது. அந்த நம்பிக்கையை எடுத்துட்டீங்கன்னா, சாதாரணச் செய்திகளை மாத்தி மாத்தி அனுப்பிப் போடுற எந்த டாஸ்லயும் ரெண்டு பேர்ல ஒருத்தர் தன் இஷ்டத்துக்கு, நூத்துக்கு நூறு, முடிவைக் கொண்டுவந்துட முடியும். இது கணக்கா நிரூபிச்ச விஷயம். குவாண்டம் உள்ளே வர்ற வாசல் இதுதான்.

தீப்பெட்டி ஆட்டம்

1984 டிசம்பர்ல பெங்களூர்ல நடந்த ஒரு மாநாட்டுல சார்லஸ் பென்னட்டும் ஜில் பிராசாரும் ஒரு கட்டுரை கொடுத்தாங்க. குவாண்டம் சாவிப் பகிர்வுன்னு உலகமே சொல்ற பிபி84 அதுல வந்ததுதான். அதே கட்டுரையில ஒரு டாஸ் முறையும் இருக்கு. பாடம் எடுக்கிறவங்க பாதிப் பேர் அதைத் தொடுறதே இல்ல. நிஜத்துல அதுல அனுப்புறது ஃபோட்டானை, அதாவது வெளிச்சத்தோட ஒத்தைத் துளியை. டியூஷன்ல நான் ஃபோட்டானுக்குப் பதிலா இருபது தீப்பெட்டியை வெச்சு ஆட வைப்பேன். மூணு பேர் வேணும்: காசிமேடு, எண்ணூர், அப்புறம் 'இயற்கை'. இயற்கையா உக்கார்றவன் பொய் சொல்லக்கூடாது. வகுப்புல யார் கொஞ்சம் சோம்பேறியோ அவனை உக்கார வைங்க. ரொம்ப சுறுசுறுப்பானவன் விதியைத் திருத்தப் பார்ப்பான்.

காசிமேடு ஒரு தடவை மட்டும் ரகசியமா 'நேர்' அல்லது 'சாய்வு'ன்னு தேர்ந்தெடுக்கணும் (நிஜத்துல இது ஃபோட்டான் அதிர்ற திசை; சாய்வுன்னா நேர்ல இருந்து 45 டிகிரி). இருபது பெட்டிக்கும் அதே வகைதான். ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் வகையையும், தனக்குத் தோணின 0 அல்லது 1-ஐயும் ஒரு சீட்டுல எழுதிப் போடணும். இந்த 0, 1 பட்டியலைத் தன்கிட்ட ஒரு பிரதி வெச்சுக்கணும். பெட்டிகள் இயற்கைகிட்ட போகும். எண்ணூர் ஒவ்வொரு பெட்டிக்கும் 'நேரா திற' இல்லன்னா 'சாய்வா திற'ன்னு சொல்வான். இயற்கை சீட்டைப் பார்க்கும். வகை ஒத்துப்போனா உள்ளே இருக்கிறதை உள்ளபடி சொல்லும். ஒத்துப்போகலைன்னா ஒரு ரூபாயைச் சுண்டி, விழுந்ததைச் சொல்லும். எதுவானாலும் சீட்டை உடனே கிழிச்சுப் போட்டுடணும். ஒரு ஃபோட்டானை ஒரு தடவைதான் அளக்க முடியும்ங்கிறது அந்தக் கிழிக்கிறதுல இருக்கு.

எண்ணூர் ரெண்டு பட்டியல் எழுதிக்கணும், நேருக்கு ஒண்ணு, சாய்வுக்கு ஒண்ணு. அப்புறம் காசிமேடு தேர்ந்தெடுத்த வகை எதுன்னு ஊகிச்சுச் சொல்லணும். அதுதான் டாஸ். சரியாச் சொன்னா எண்ணூர் போர்டு. காசிமேடு இப்போ வகையையும் தன் பட்டியலையும் வெளியில வைக்கும். அந்த வகைக்கு எண்ணூர் எழுதின பட்டியலோட அது ஒரு இடத்துலயும் பிசகாம ஒத்துப்போகணும்.

எண்ணூர் எப்படித் திறந்தாலும் அவனுக்குத் தெரியிறது பாதி 0, பாதி 1. வகையைப் பத்தி ஒரு துப்பும் கிடைக்காது. அவன் ஊகம் சரியா பாதிக்குப் பாதிதான். காசிமேடு பொய் சொல்லலாமே? எண்ணூர் சரியா ஊகிச்சுட்டான்னு தெரிஞ்சதும் வகையை மாத்திச் சொன்னா, அந்த வகையில எண்ணூர் திறந்த பத்துப் பெட்டிக்கும் குருட்டாம்போக்குல விடை சொல்லணும். 1024-ல ஒரு தடவைதான் தப்பிக்கலாம். கொஞ்சம் கெட்டிக்காரனா இருந்தா நேருக்கும் சாய்வுக்கும் நடுவுல, 22.5 டிகிரியில அனுப்புவான். அப்போ ஒவ்வொண்ணுலயும் 85 சதவீதம் தப்பிப்பான். பத்தும் தப்ப 20 சதவீதம். இருபது பெட்டி பத்தாதுன்னு இப்போ தெரியுதா? நூறு வெச்சா ஆயிரத்துல ஒரு தடவை கூட அந்தத் தந்திரம் பலிக்காது.

இது வரைக்கும் பசங்க சந்தோஷமா இருப்பாங்க. இதுக்கப்புறம் காசிமேட்டுக்காரன் காதுல நான் ஒரு விஷயம் ஓதுவேன்: சீட்டே எழுதாத. பெட்டியைக் காலியா அனுப்பு. எண்ணூர் திறக்கச் சொன்னா இயற்கை காசைச் சுண்டி விழுந்ததைச் சொல்லட்டும், ரகசியமா எழுதி வெச்சுக்கட்டும். எண்ணூர் ஊகிச்சு முடிச்ச பிறகு காசிமேடு இயற்கைகிட்ட போய், எதிர் வகை என்னவோ அந்த வகையில இருபதையும் கேட்கும். எண்ணூரும் அதே வகையில திறந்த பெட்டின்னா இயற்கை அதே விடையைச் சொல்லணும். இல்லன்னா சும்மா சுண்டிச் சொல்லலாம். காசிமேட்டோட பட்டியல் இப்போ எண்ணூர் பட்டியலோட அப்படியே பொருந்தும். நூத்துக்கு நூறு காசிமேடு ஜெயிக்கும், எண்ணூருக்கு ஒரு சந்தேகமும் வராது.

இயற்கை இப்படி ஒத்துழைக்குமான்னா, ஒத்துழைக்கும். பின்னிய ஃபோட்டான் ஜோடியில (ரெண்டையும் ஒரே வகையில அளந்தா எப்பவும் பொருந்துற விடை தர்ற ஜோடி) ஒண்ணைத் தன்கிட்ட வெச்சுக்கிட்டு இன்னொண்ணை அனுப்பினா நடக்கிறது இதேதான். இந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சவங்களும் பென்னட்-பிராசார்தான். அதே கட்டுரையிலயே எழுதிட்டாங்க. அது எனக்குப் பிடிச்ச குணம். அப்புறம் ஓட்டையை அடைச்சுடலாம்னு பலரும் முயற்சி பண்ணாங்க. 1997-ல டொமினிக் மேயர்ஸ் ஒரு பக்கம், லோவும் சாவும் இன்னொரு பக்கம், இந்த மாதிரி 'முன்னாடியே முடிவைப் பூட்டி வைக்கிற' வேலையைக் குவாண்டத்தால முழுப் பாதுகாப்போட செய்யவே முடியாதுன்னு நிரூபிச்சு முடிச்சாங்க.

பத்துக்கு ஒன்பது: நிஜமா போடக்கூடிய டாஸ்

திருடன் நினைச்சது நூத்துக்கு நூறு நடக்குதே, அதை எவ்வளவு கீழ இறக்கலாம்? ஆண்ட்ரிஸ் அம்பைனிஸ் 2001-ல 75 சதவீதத்துக்கு இறக்கிக் காட்டினார். ஆனா காகிதத்துல நல்லா இருக்கிற முறை ஃபைபர்ல படுத்துக்கும். அனுப்பின ஃபோட்டான்ல பாதிக்கு மேல வந்தே சேராது. 'எனக்கு வரல, திருப்பி அனுப்பு'ன்னு எண்ணூர் சொல்ல உரிமை வேணும். அந்த உரிமையை வெச்சே அவன் தனக்குப் பிடிக்காததை எல்லாம் 'வரல'ன்னு தள்ளிடுவான். இதைத் தாங்குற முறையை 2009-ல பெர்லின், பிராசார், புசியேர், காட்பூ நாலு பேரும் கொடுத்தாங்க. அதே பிராசார்தான். இதோட அழகு, கணக்கு முழுக்க கிராஃப் தாள்ல அடங்கிடும்.

கிராஃப் தாளும் ரெண்டு போலராய்டு துண்டும் எடுங்க. காசு கொடுத்து வாங்க வேணாம். பர்மா பஜார்லயோ மூர் மார்க்கெட்லயோ கெட்டுப்போன கால்குலேட்டர் கிடைக்கும், அதோட டிஸ்பிளே மேல ஒட்டியிருக்கிற தகடு போலராய்டுதான். ரெண்டு துண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, ஒண்ணை மட்டும் சுத்துங்க. கறுத்துப்போனா சரியான பொருள்.

தாள்ல மையத்துல இருந்து வலது பக்கம் 3 கட்டம், மேல 1 கட்டம் போய் ஒரு கோடு. வலது 3, கீழ 1 இன்னொரு கோடு. இந்த ரெண்டு திசையும் '0'-வைக் குறிக்கும். படுக்கைக் கோட்டுல இருந்து 18.4 டிகிரி ஏறுது, 18.4 டிகிரி இறங்குது. ஒவ்வொண்ணுக்கும் செங்குத்தான திசை '1'-ஐக் குறிக்கும். ஏறுகோட்டோட செங்குத்து இடது 1, மேல 3. இறங்குகோட்டோட செங்குத்து வலது 1, மேல 3. ஆக 'ஏறு ஜோடி', 'இறங்கு ஜோடி'ன்னு ரெண்டு ஜோடி, ஒவ்வொண்ணுலயும் ஒரு 0, ஒரு 1.

காசிமேடு ஒரு ஜோடியையும் ஒரு எண்ணையும் குருட்டாம்போக்குல எடுத்து, அந்தத் திசையில அதிர்ற மாதிரி தளவிளைவு பண்ண ஒரே ஒரு ஃபோட்டானை அனுப்பணும். எண்ணூர் தனக்குத் தோணின ஜோடியில அளக்கணும். டிடெக்டர் (ஃபோட்டான் வந்துச்சுன்னு காட்டுற கருவி) சத்தம் போடலைன்னா 'மறுபடியும்'னு சொல்லலாம். காசிமேடு ஜோடி, எண் ரெண்டையும் புதுசா எடுத்து அனுப்பணும். சத்தம் போட்டுச்சுன்னா எண்ணூர் உடனே தன் பங்குக்கு ஒரு 0 அல்லது 1 சொல்லணும். அதைக் கேட்ட பிறகுதான் காசிமேடு ஜோடியையும் எண்ணையும் வெளியில சொல்லணும். எண்ணூர் அளந்ததும் அதே ஜோடின்னா அளந்த விடை பொருந்தியாகணும், பொருந்தலைன்னா ஆட்டம் நின்னுடும். வேற ஜோடியில அளந்திருந்தா சரிபார்க்க வழியில்ல, ஒத்துக்க வேண்டியதுதான். ரெண்டு எண்ணும் ஒண்ணா இருந்தா காசிமேட்டு போர்டு, வேறயா இருந்தா எண்ணூர் போர்டு. வரிசை முக்கியம். யார் முதல்ல வாயைத் திறக்கிறான்ங்கிறதுல தான் எல்லாப் பாதுகாப்பும் இருக்கு.

இப்போ ரெண்டு பக்கமும் திருடிப் பாருங்க. எண்ணூர் ஒழுங்கா அளக்காம போலராய்டை நேரா படுக்கைக் கோட்டுல வைக்கிறான்னு வைங்க. 0-வோட ரெண்டு திசையும் அதுல எவ்வளவு தாண்டும்? மூணோட வர்க்கம் 9, மொத்தம் 9+1, பத்துக்கு ஒன்பது. தாண்டினா 0, தாண்டலைன்னா 1-னு எடுத்துக்கிட்டு அதுக்குத் தகுந்த எண்ணைச் சொல்வான். 90 சதவீதம் பலிக்கும். 'வரல'ங்கிற தந்திரத்தை வெச்சு இதை 100 ஆக்க முடியாதான்னு கேட்பீங்க. முடியாது. 0-ன்னு உறுதியாத் தெரியணும்னா 1-ஓட ரெண்டு திசையும் கொஞ்சம் கூடத் தாண்டாத கோணம் வேணும். ரெண்டும் வேற வேற திசை, ரெண்டுக்கும் செங்குத்தா ஒரு கோடு கிடையாது. எத்தனை தடவை திருப்பி அனுப்பச் சொன்னாலும் 90 தான் உச்சம்.

காசிமேட்டோட திருட்டு இன்னும் எளிது. வலது 1, மேல 1, அதாவது 45 டிகிரியில அனுப்பட்டும். எண்ணூர் எண்ணைச் சொன்ன பிறகு, 0 வேணும்னா 'ஏறு ஜோடி, 0'ன்னு சொல்லும். 1 வேணும்னா 'இறங்கு ஜோடி, 1'. ரெண்டு திசையும் 45-ல இருந்து 26.6 டிகிரி தள்ளி இருக்கு. மாலஸ் விதிப்படி 80 சதவீதம் பொருந்தும். எண்ணூர் அதே ஜோடியில அளந்திருக்க வாய்ப்பு பாதிதான். மத்த பாதியில சோதனையே இல்ல. 50-ஓட, மீதி 50-ல 80 சதவீதம்னா 40. மொத்தம் 90. பின்னிய ஜோடி, குவாண்டம் கணினி எதைக் கொண்டுவந்தாலும் இதைத் தாண்ட முடியாது. ரெண்டு பக்கமும் 90-ல நிக்கணும்னுதான் அந்த 3-க்கு 1 சரிவைத் தேர்ந்தெடுத்திருக்காங்க.

டார்ச், போலராய்டு, போன்ல ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் வெச்சு 90, 80 ரெண்டையும் ஒரு சாயங்காலத்துல அளந்துடலாம். டார்ச்சுல ஒரு ஃபோட்டான் இல்ல, எண்ணி மாளாது. ஆனா எத்தனை பங்கு வெளிச்சம் தாண்டுதோ அதுதான் ஒரு ஃபோட்டான் தாண்டுற வாய்ப்பு. தகடு தானே கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், அதனால ரெண்டு தகடும் ஒரே திசையில இருக்கும்போது வர்ற அளவை 100-ன்னு வெச்சுக்கோங்க.

நிஜ ஃபைபர்லயும் பண்ணியாச்சு. 2014-ல அன்னா பாப்பா, எலெனி டியமான்டி, கெரெனிடிஸ் குழு, கடையில விக்கிற குவாண்டம் சாவிக் கருவியையே கொஞ்சம் மாத்தி, 15 கிலோமீட்டர் ஃபைபர்ல டாஸ் போட்டாங்க. சாதாரணச் செய்தியால முடியாத பாதுகாப்பு கிடைச்சுது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துல இருந்து எண்ணூர் அதைவிடக் கிட்ட. எண்ணூர் விரைவுச் சாலையில கன்டெய்னர் லாரிக்கு நடுவுல போற நேரத்தைக் கணக்குப் பண்ணா லாபம்தான். ஒரு எச்சரிக்கை: மங்கலான லேசர் துடிப்புல சில சமயம் ரெண்டு ஃபோட்டான் சேர்ந்து வரும். எண்ணூர் அதைப் பிரிச்சு ரெண்டு ஜோடியிலயும் அளந்துடலாம். அதனால துடிப்பை எவ்வளவு மங்கலா வைக்கணும்ங்கிறதையும் கணக்குல சேர்க்கணும்.

இதுக்கும் கீழ இறங்க முடியுமா? பலமான டாஸுக்குத் தரை 70.7 சதவீதம். அலெக்ஸி கிதாயெவ் நிரூபிச்சது: ஒரே முடிவை ரெண்டு பேரும் தனித்தனியா வரவழைக்கிற வாய்ப்பைப் பெருக்கினா பாதிக்குக் குறையாது. பாதியோட வர்க்கமூலம்தான் அந்த 70.7. அதுவரைக்கும் இறங்கலாம்னு 2009-ல ஷையூவும் கெரெனிடிஸும் காட்டினாங்க. பலவீன டாஸுக்கு அந்தத் தரையே இல்ல. கார்லோஸ் மோச்சோன் 2007-ல 50-க்கு எவ்வளவு கிட்ட வேணும்னாலும் போகலாம்னு காட்டிட்டார். கிட்டப் போகப் போக மாத்தி மாத்தி அனுப்ப வேண்டிய செய்திகள் மலையா ஏறும்னு 2020-ல கார்ல் மில்லர் நிரூபிச்சது அதுக்கு விலை. முதல் கேள்வியை ஏன் முதல்ல கேட்கச் சொன்னேன்னு இப்போ புரியும்.

ஆட்டம் நின்னா என்ன பண்றது

இதை எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடாம டாஸை ஆரம்பிக்கவே கூடாது. அம்பயரா சொல்றேன், சண்டை எல்லாம் இங்கேதான்.

'பொருந்தலைன்னா மறுபடி போடலாம்'னு எழுதினீங்கன்னா போச்சு. திருடன் பத்துல ஒரு தடவைதான் மாட்டுறான்; மாட்டினா இன்னொரு தடவை கிடைக்குது, அதுலயும் திருடுவான். 90 மெல்ல 100 ஆயிடும். 'பொருந்தலைன்னா காசிமேடு தோத்ததா அர்த்தம்'னு எழுதினா அதைவிட மோசம். பொருந்தலைங்கிறதைச் சொல்றது எண்ணூர் மட்டும்தான், அவன் டிடெக்டர்ல என்ன வந்துச்சுன்னு காசிமேட்டுக்குத் தெரியாது. தோக்கப்போறோம்னு தெரிஞ்ச உடனே எண்ணூர் 'பொருந்தல பா'ன்னுடுவான்.

ஆக, நின்னா வர்ற முடிவு ரெண்டு பேருக்குமே டாஸ்ல தோக்கிறதைவிடக் கசப்பா இருக்கணும். நான் எழுதிக் கொடுக்கிறது: டாஸ் நின்னா, மேட்ச் திருவொற்றியூர்ல ஒரு வாடகை ஹால்ல, யாருக்கும் பழக்கமில்லாத போர்டுல நடக்கும், ஹால் வாடகையை ரெண்டு கிளப்பும் பாதிப் பாதி கட்டணும், அதுக்கு மேல ஜெயிச்சவங்களுக்குக் கோப்பையும் கிடையாது. டிடெக்டர் தானாவே சில சமயம் வெத்துச் சத்தம் போடும், யோக்கியமா ஆடுறவங்களுக்கும் எப்பவாவது டாஸ் நிக்கும். அதனால வாடகை ரெண்டு பேரும் தாங்குற தொகையா இருக்கட்டும், ஆனா 'பரவாயில்ல, கட்டிட்டுப் போறேன்'னு யாரும் சொல்ல முடியாத தொகையா இருக்கட்டும்.